தென்கிழக்கு அலாஸ்கா: சிறிய கப்பலா, பெரிய கப்பலா, ஃபெர்ரியா?

ஜூனோ அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம். இருந்தும் வெளியூரிலிருந்து அங்கே போய்ச் சேர ஒரு சாலைகூட இல்லை. பின்னால் பனி மூடிய மலை, முன்னால் கடற்கால்வாய். சிட்கா, பீட்டர்ஸ்பர்க், ஹூனா, கேக், ஆங்கூன் என்று அந்தக் கரையோர ஊர்கள் பெரும்பாலும் இப்படித்தான். பனியாறு, திமிங்கலம், பழங்குடி ஊர் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர் எப்படியும் கடல்வழி போயாக வேண்டும். எதில் ஏறுவது என்பதில் தவறினால் பணமும் நாட்களும் வீண்.

வழிகள் மூன்று. 2,000 முதல் 4,000 பேர் வரை ஏற்றும் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்று. 30 முதல் 100 பேர் வரை போகும் சிறிய கப்பல் இன்னொன்று. மாநில அரசின் ஃபெர்ரியில் ஊர் ஊராகப் போய், பனியாற்றுக்கு மட்டும் பகல் படகு பிடிப்பது மூன்றாவது. எடுத்த எடுப்பில் விலைப்பட்டியலைப் பார்க்காதீர்கள். முதலில் கேட்க வேண்டியது இது: ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் கப்பலைவிட்டு இறங்கி, துடுப்புப் போட்டுப் போகும் சிறு கயாக்கிலோ ரப்பர் படகிலோ கரையிலோ இருக்கப்போகிறீர்கள்? அதற்கு உங்கள் முழங்காலும் இடுப்பும் இடம் கொடுக்குமா? சிறிய கப்பலின் கூடுதல் விலை முழுவதும் அந்த மணிநேரங்களுக்கான விலைதான். அவற்றைப் பயன்படுத்த முடியாதவர் அந்த விலையைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

பனியாற்றின் முன்னால் யாருக்கு என்ன கிடைக்கிறது

இந்தக் கரையின் பெரிய ஈர்ப்பு க்ளேசியர் பே தேசியப் பூங்கா. 1794இல் பிரிட்டிஷ் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் குழு இந்த வழியாக வந்தபோது இங்கே விரிகுடா என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வாசலிலேயே பனிச்சுவர் நின்றது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 60 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இன்று வாசலிலிருந்து உச்சிவரை சுமார் 105 கிலோமீட்டர் கடல். பனி பின்வாங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய கதையும் தெரிந்திருக்க வேண்டும்: 1700களில் அதே பனி முன்னேறி வந்துதான் ஹூனா டிலிங்கிட் பழங்குடி மக்களின் ஊர்களை அழித்தது. அவர்கள் நீரிணையைக் கடந்து இன்றைய ஹூனாவில் குடியேறினார்கள். 2016இல் பூங்காவின் பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுக்கான குலமனை ஒன்று மறுபடி எழுந்தது.

இந்தப் பூங்காவுக்குள் ஒரு நாளில் அதிகபட்சம் இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. சிறிய சுற்றுலாக் கப்பல்களுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே பெரியதோ சிறியதோ, “அலாஸ்கா பனியாறுகள்” என்று பொதுவாக எழுதியிருக்கும் பயணத்திட்டத்தை நம்பிப் பணம் கட்டக் கூடாது. நீங்கள் போகும் அதே தேதிக்கு க்ளேசியர் பே அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே கப்பலின் ஒரு வாரப் புறப்பாட்டுக்கு அனுமதி இருந்து, அடுத்த வாரத்துக்கு இல்லாமல் போவதும் உண்டு.

பெரிய கப்பல் பூங்காவுக்குள் ஏறக்குறைய 9 மணி நேரம் இருக்கும். பூங்கா ரேஞ்சர்கள் படகில் வந்து ஏறி ஒலிபெருக்கியில் விளக்குவார்கள். அவர்கள் சொல்வது தரமான தகவல். மார்ஜரி பனியாற்றின் முன்னால் சுமார் ஒரு மணி நேரம் நின்று, கப்பல் மெல்ல வட்டமடிக்கும். யாரும் இறங்க முடியாது. அதே சமயம் ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். மார்ஜரி சுமார் 34 கிலோமீட்டர் நீளம். அதன் முகம் நீருக்கு மேல் 75 மீட்டர் உயரம். பத்தாவது மாடித் தளத்தில் நிற்பவருக்கு அந்தச் சுவருக்குப் பின்னால் பனியாறு மலைக்குள் வளைந்து ஏறுவதும் தெரியும். கயாக்கில் இருப்பவருக்குச் சுவர் மட்டும்தான் தெரியும். பனியாறு எப்படி ஓடுகிறது என்று கண்ணால் புரிந்துகொள்ள உயரமான தளமே நல்ல இடம்.

சிறிய கப்பல் அதே பூங்காவில் பெரும்பாலும் இரண்டு நாள் செலவிடும். இரவில் ஏதாவது ஒரு சிறுகுடாவில் நங்கூரம் போடும். மாலையில் சவுத் மார்பிள் தீவின் பக்கம் எஞ்சினைத் தணித்து நின்றால் ஸ்டெல்லர் கடற்சிங்கங்களின் உறுமலும் பஃபின் பறவைகளின் சிறகடிப்பும் நேரடியாகக் காதில் விழும். மறுநாள் காலை கரையோரமாகக் கயாக்கில் போகலாம், இல்லையென்றால் பனி விலகி நூறு வருடமே ஆன நிலத்தில் பாசி, ஆல்டர் புதர், ஸ்ப்ரூஸ் மரம் என்று காடு படிப்படியாகத் திரும்பி வருவதை நடந்து பார்க்கலாம். பெரிய கப்பலில் இந்த அனுபவத்துக்கு ஈடாக எதுவும் கிடையாது.

பூங்காவிலேயே இன்னொரு கிளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இன்லெட். மே, ஜூன் மாதங்களில் அங்கே எந்தக் கலமும் நுழைய முடியாது. மிதக்கும் பனிக்கட்டிகளின்மேல் சீல்கள் குட்டி போடும் காலம் அது. பெரிய கப்பல்களுக்கு ஆகஸ்ட் முடியும்வரை தடை. ஜூலை, ஆகஸ்டில் போகும் சிறிய கப்பலுக்கு, பனி வழிவிட்டால், இது கூடுதல் லாபம்.

ஜூனோவுக்குத் தெற்கே டிரேசி ஆர்ம், எண்டிகாட் ஆர்ம் என்று இரண்டு குறுகிய கடற்பிளவுகள் உள்ளன. 2025 ஆகஸ்ட் 10 அன்று டிரேசி ஆர்மின் உள்முனையில், சவுத் சாயர் பனியாற்றின் அருகே, மலைச்சரிவு ஒன்று மொத்தமாகக் கடலில் விழுந்தது. எழுந்த நீர் எதிர்ச்சுவரில் 400 மீட்டருக்கும் மேல் ஏறியது. பனி பின்வாங்கும்போது அது தாங்கி நின்ற சரிவுகள் பிடிமானம் இழக்கின்றன. இப்படிப்பட்ட பிளவுகளின் இயல்பான ஆபத்து இது. ஆகவே இரண்டில் எதற்குள் போகிறீர்கள், எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். எண்டிகாட் ஆர்மின் முனையில் இருக்கும் டாஸ் பனியாறும் குறைந்த அழகுடையதல்ல.

பனிச்சுவருக்குக் கால் மைல், அதாவது 400 மீட்டர், அருகில் போகாமல் இருப்பது நல்ல மாலுமிகளின் வழக்கம். மேலிருந்து விழும் பனி மட்டும் இதற்குக் காரணமல்ல. நீருக்கடியில் உடையும் துண்டு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சுவரிலிருந்து தள்ளி மேலே பாய்ந்து வரும். “இன்னும் கிட்டே போகலாமே” என்று பயணிகள் கேட்டதும் போகிற படகோட்டி நல்ல படகோட்டி அல்ல. கரையில் இறங்கினால் கயாக்கை ஓத மட்டத்துக்கு வெகு மேலே இழுத்து வைக்க வேண்டும். பனி உடைந்து எழும்பும் அலை சில நிமிடம் கழித்து வந்து அதை அள்ளிக்கொண்டு போகும். க்ளேசியர் பே விரிகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 7 மீட்டர் வரை வித்தியாசம் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழிக்காரர்களுக்கும் மார்ஜரி உண்டு. பார்ட்லெட் கோவிலிருந்து கோடையில் தினமும் ஒரு பகல் படகு கிளம்புகிறது. ஏறக்குறைய 8 மணி நேரம், போய்வர 210 கிலோமீட்டர், கூடவே ஒரு ரேஞ்சர். சவுத் மார்பிள் தீவும் அதன் வழியில்தான். ஜூனோவிலிருந்து கஸ்டேவஸுக்கு விமானத்திலோ ஃபெர்ரியிலோ வந்து, அங்கிருந்து 16 கிலோமீட்டர் சாலையில் பார்ட்லெட் கோவுக்குப் போகவேண்டும். கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பதைப் பார்த்தால் இந்தக் கரை முழுவதிலும் இதற்கு நிகரான பகல் பயணம் இல்லை.

விலங்குகளைத் தீர்மானிப்பது மாதம்

சிறிய கப்பலில் போனால் அதிக விலங்குகளைப் பார்க்கலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பாதி உண்மை. எந்த வாரம் போகிறீர்கள் என்பது கப்பலின் அளவைவிட முக்கியம்.

மே மாதம் மழை குறைவு. மலைகளில் பனி தாழ்வாக இறங்கியிருக்கும். குளிர்கால உறக்கத்திலிருந்து எழுந்த கரடிகள் கடற்கரைப் புல்வெளியில் கோரைப்புல் மேயும், படகிலிருந்தே பார்க்கலாம். ஹவாயிலிருந்து ஹம்ப்பேக் திமிங்கலங்கள் வந்துகொண்டிருக்கும். ஜூனில் ஜூனோவில் பகல் 18 மணி நேரத்தைத் தொடும், சீல் குட்டிகள் பனிக்கட்டிகளில் கிடக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை சால்மன் மீன்கள் ஓடைகளில் ஏறும். கரடிகள் ஓடைக்குப் போய்விடும். இப்போது கப்பலிலிருந்து தேடுவதைவிட ஓடைக்கரையில் நிற்பதே பலன் தரும். அட்மிரால்டி தீவில் ஏறக்குறைய 1,600 பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. அங்கே பேக் க்ரீக் என்ற இடத்தில் ஜூலை 5 முதல் ஆகஸ்ட் 25 வரை நாளொன்றுக்கு 24 பேருக்கு மட்டும் அனுமதி. ஜூனோவிலிருந்து மிதவை விமானத்தில் போய்வரலாம். எந்தக் கப்பலில் வந்தவருக்கும் இது பொது. செப்டம்பரில் மழையும் காற்றும் கூடும், கூட்டமும் விலையும் குறையும். தெளிந்த இரவு அமைந்தால் துருவ ஒளி தெரியும். அதை எதிர்பார்த்து நாள் குறிக்க வேண்டாம்.

திமிங்கலத்தில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம். பூங்கா எல்லைக்குள் ஹம்ப்பேக்கை ஏறக்குறைய 460 மீட்டருக்கு மேல் நெருங்கக் கூடாது. வெளியே அலாஸ்கா நீர்ப்பரப்பில் அந்த எல்லை 91 மீட்டர்தான். ஆகவே திமிங்கலத்துக்கு க்ளேசியர் பேயைவிட அதன் வாசலுக்கு எதிரே, ஐஸி நீரிணையில் இருக்கும் பாயின்ட் அடால்ஃபஸ் நல்ல இடம். நீரோட்டங்கள் மோதி இரை மேலெழும் முனை அது. இதற்குத் தெற்கே ஃபிரெடெரிக் சவுண்டும் அப்படித்தான். பயணத்திட்டத்தில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். பல ஹம்ப்பேக்குகள் சேர்ந்து ஹெர்ரிங் மீன் கூட்டத்தைக் குமிழி வளையத்தால் சுற்றி வளைத்து, வாயைப் பிளந்தபடி ஒரே நேரத்தில் மேலெழும் காட்சி இங்கே கிடைக்கலாம். அப்படி ஒரு கூட்டம் தென்பட்டால் சிறிய கப்பலின் கேப்டன் எஞ்சினை நிறுத்திவிட்டு, அன்றைய திட்டத்தையே மாற்றி இரண்டு மணி நேரம் காத்திருப்பார். அடுத்த துறைமுகத்தில் இடம் பிடித்து வைத்திருக்கும் பெரிய கப்பலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நேரத்தை மாற்ற முடியும் என்ற இந்த ஒன்றுதான் விலங்கு விஷயத்தில் சிறிய கப்பலின் உண்மையான பலம்.

கடல் நீர்நாய்களை எந்தக் கப்பலிலிருந்தும் பார்க்கலாம். ரோமத்துக்காக இந்தக் கரையில் அடியோடு வேட்டையாடப்பட்டு, 1960களில் சுமார் 400 விலங்குகளை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகு பெருகியவை அவை.

ஊர்களுக்கு ஃபெர்ரியே மேல்

இங்கே எங்கள் கருத்து தெளிவானது. கரையோர ஊர்களையும் மக்களையும் அறிவதுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால் சிறிய கப்பலுக்குப் பணம் கட்ட வேண்டாம். அதிலும் ஒரு ஊருக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான்: நடன நிகழ்ச்சி, குலச்சின்னங்கள் செதுக்கிய மரக் குலக்கம்பம், கைவினைக் கடை, திரும்பவும் கப்பல். வரவேற்பு அன்பானதுதான், ஆனாலும் அது விருந்தினருக்காக ஒருங்கு செய்யப்பட்ட நேரம்.

பெரிய கப்பலில் நிலைமை இன்னும் இறுக்கம். ஹூனாவில் வசிப்பவர்கள் ஏறக்குறைய 900 பேர். அங்கே 1912இல் கட்டிய சால்மன் மீனைத் தகர டப்பாவில் அடைக்கும் பழைய ஆலையை ஹூனா டோட்டம் கார்ப்பரேஷன் சீரமைத்து, 2004இல் ஐஸி ஸ்ட்ரெய்ட் பாயின்ட் என்ற கப்பல்துறையாகத் திறந்தது. வருமானம் பழங்குடி நிறுவனத்துக்கே போகிறது. அது நல்ல விஷயம். ஆனால் ஊரின் மக்கள்தொகையைப்போல நான்கு மடங்கு பேர் ஒரே காலையில் இறங்கினால் ஊரைப் பார்க்க முடியாது, கூட்டத்தைத்தான் பார்க்கலாம். ஜூனோவிலேயே 2024 முதல் ஒரு நாளில் ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு வைக்கும் நிலை வந்தது.

மாநில ஃபெர்ரி 1963இலிருந்து ஓடுகிறது. அங்கிருப்பவர்களுக்கு அதுதான் நெடுஞ்சாலை. பெயரே கடல் நெடுஞ்சாலை. பல் மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள், கூடைப்பந்துப் போட்டிக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகள், குளிர்சாதனப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் என்று பயணிகள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். கேபின் எடுக்காதவர்கள் மேல்தளத்தில், சூடேற்றும் விளக்குகளுக்கு அடியில், சாய்வு நாற்காலியில் தூங்கலாம். கூடாரத்தைப் பசைநாடா ஒட்டித் தளத்தில் நிறுத்துவோரும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமிலிருந்து கெச்சிகனுக்கு ஏறக்குறைய 38 மணி நேரம். ஜூனோவிலிருந்து ஹூனா போன்ற பக்கத்து ஊர்களுக்குச் சில பத்து டாலர்களில் போய்விடலாம்.

கேக் ஊருக்குப் போனால் அங்கிருக்கும் 40 மீட்டர் உயரக் குலக்கம்பத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 1869இல் அமெரிக்கப் படை அந்த மக்களின் குளிர்கால ஊர்களைக் குண்டு வீசி எரித்தது. 1882இல் ஆங்கூனுக்கும் அதே கதி. கடற்படை இரண்டு ஊர்களிடமும் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2024இல்தான். இது தெரிந்து போகிறவர் குலக்கம்பத்தின்முன் நிற்கும் விதமே வேறாக இருக்கும். சடங்கு உடை அணிந்தவர்களையும் கல்லறைகளையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு குலச்சின்னமும் ஒரு குலத்தின் சொத்து. அதை வரையவும் பாடவும் உரிமை அந்தக் குலத்துக்கே உண்டு.

ஃபெர்ரியின் குறைகள் சிறியவை அல்ல. கப்பல்கள் பழையவை: கொலம்பியா 1974இல் கட்டியது, 1963ஆம் ஆண்டுக் கப்பலான மட்டானுஸ்கா இரும்பு அரிப்பால் 2022 இறுதியில் சேவையிலிருந்து நிறுத்தப்பட்டது. ஒன்று பழுதானால் அட்டவணை முழுக்கச் சரியும். சிறிய ஊர்களுக்கு வாரத்தில் ஓரிரு நாள்தான் கப்பல் வரும். தவறவிட்டால் மூன்று நான்கு நாள் அங்கேயே, அல்லது சிறு விமானம். ஜூனோவின் ஃபெர்ரித் துறை நகரில் இல்லை. 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஆக் பேயில் இருக்கிறது. சிட்காவின் துறையும் ஊருக்கு 11 கிலோமீட்டர் வெளியே. சிட்கா போகும் வழியில் செர்ஜியஸ் நெரோஸ் என்ற இடுக்கில் நீரோட்டம் 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்) வேகம்வரை போகும். ஓதம் தணியும் வேளை பார்த்துத்தான் கடக்க முடியும் என்பதால் கப்பல் நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்து சேருவது சாதாரணம். அந்த நேரத்துக்கு வாடகை வண்டியை முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

பீட்டர்ஸ்பர்க்குக்கு ஒரு தனி வரி. நார்வேக்காரர்கள் நிறுவிய மீன்பிடி ஊர், சுமார் 3,000 பேர். அதை அடையும் ரேங்கல் நெரோஸ் பெரிய உல்லாசக் கப்பல்களுக்குக் குறுகியது. அதனால் ஊர் ஊராகவே இருக்கிறது. ஃபெர்ரியும் போகும், சிறிய கப்பலும் போகும். பக்கத்தில் லிகோன்ட், வட அரைக்கோளத்தில் கடலைத் தொடும் பனியாறுகளில் மிகத் தெற்கே இருப்பது.

சிறிய கப்பல் என்று முடிவானால் கேட்க வேண்டியவை

சிறிய கப்பல்களுக்குள்ளும் பெரிய வித்தியாசம் உண்டு. சஃபாரி எக்ஸ்ப்ளோரர் 36 பேர். நேஷனல் ஜியோகிராஃபிக் குவெஸ்ட் 100 பேர். டோங்கஸ் தேசிய வனத்தின் பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. 36 பேர் என்றால் மூன்று குழு, எல்லோரும் ஒரே காலையில் இறங்கலாம். 100 பேர் என்றால் முறைவைத்துத்தான். ஆகவே கப்பலில் எத்தனை ரப்பர் படகுகள், எத்தனை கயாக்குகள், எத்தனை வழிகாட்டிகள் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். வழிகாட்டிக்குப் பத்துப் பயணிகளுக்கு மேல் போனால் காத்திருக்கும் நேரம் கூடும்.

கேபினைப் படத்தில் பார்த்து எடுக்காமல் தளவரைபடம் பார்த்து எடுங்கள். கீழ்த்தளத்தில் அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, ஒட்டிய கேபின் விலை குறைவு; விடியற்காலை ஐந்து மணிக்கு நங்கூரச் சங்கிலி ஏறும் ஓசை தலைமாட்டில் கேட்கும். பின்பக்கக் கீழ்க்கேபினில் மின்னாக்கியின் அதிர்வு இரவு முழுக்க இருக்கும். நடுவில், மேல்தளத்தில் இருப்பதே நிம்மதி. பழைய கப்பல்களில் கழிவறையும் குளியலும் ஒரே சின்ன அறை. பலவற்றில் லிஃப்ட் இல்லை, செங்குத்தான படிகள்தான். ரப்பர் படகில் ஏற, ஆடும் தளத்திலிருந்து ஒரு பெரிய அடி கீழே எடுத்துவைக்க வேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: முழங்கால் உயர ஸ்டூலில் கைப்பிடி இல்லாமல் ஒற்றைக்காலால் ஏறி இறங்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் நிறுவனத்திடம் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

பெரிய கப்பலில் மருத்துவரும் சிகிச்சை அறையும் உண்டு. சிறிய அமெரிக்கக் கொடிக் கப்பல்கள் பலவற்றில் முதலுதவி தெரிந்த ஊழியர்கள் மட்டுமே. அவசரமென்றால் சிட்காவிலிருந்து கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வரவேண்டும். அதுவும் வானிலை இடம் கொடுத்தால். பிறகு சியாட்டிலுக்கு மருத்துவ விமானம் என்றால் செலவு பல பத்தாயிரம் டாலர். மருத்துவ விமானச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் சிறிய கப்பலில் ஏறக் கூடாது. இதயநோய் உள்ளவர்கள், டயாலிசிஸ் தேவைப்படுகிறவர்கள் பெரிய கப்பலையே பார்க்கவேண்டும்.

சாப்பாட்டில் சைவர்கள் கவனமாக இருக்கவேண்டும். பெரிய கப்பலில் பல சமையலறைகள்; பருப்பும் சாதமும் எப்படியும் கிடைக்கும். சிறிய கப்பலில் ஒரே அடுப்படி, புறப்பட்ட பிறகு ஒரு வாரம் கடைக்குப் போக வழியில்லை. பணம் கட்டும்போதே முட்டை உண்டா, பால் உண்டா, மீன் குழம்பின் சாறுகூட ஆகாதா என்று விரித்து எழுதுங்கள். “வெஜிடேரியன்” என்று மட்டும் எழுதினால் சிலர் மீன் சாப்பிடுவீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கடல் குமட்டலுக்குப் பயந்து பெரிய கப்பலைத் தேர்வது இங்கே பெரும்பாலும் தேவையில்லை. ஜூனோ, க்ளேசியர் பே, சிட்கா வட்டத்தில் ஓடும் சிறிய கப்பல் தீவுகளின் மறைவிலேயே போகும். இரவில் நங்கூரத்தில் நிற்கும். சிட்காவுக்குப் பெரும்பாலும் வெளிக்கடல் வழியாக வரும் பெரிய கப்பலிலும் வான்கூவரிலிருந்து வரும் வழியில் குயீன் சார்லட் சவுண்டிலும் ஆட்டம் கூடுதலாகவே இருக்கலாம். மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை. ஒரு மணி நேரம் முன்பே போடவேண்டும்.

பணமும் விசாவும்

பெரிய கப்பலில் மே அல்லது செப்டம்பரில் ஜன்னலில்லா அறை ஆளுக்கு 1,000 டாலர் அளவில் கிடைக்கும். அதோடு டிப்ஸ், கரையில் திமிங்கலப் படகு, பனியாறு ஹெலிகாப்டர் என்று சேர்ந்தால் இருவருக்கு 3,500 டாலர் எளிதாகத் தாண்டும். சிறிய கப்பல் ஒரு வாரம் ஆளுக்கு 5,000இல் தொடங்கி 10,000க்கு மேலும் போகிறது. கயாக், ரப்பர் படகு, வழிகாட்டி, பல இடங்களில் கம்பூட்ஸ்கூட அதில் அடக்கம். தனியாகப் போகிறவருக்குக் கூடுதல் கட்டணம் கடுமையாக இருக்கும். டிப்ஸாகக் கட்டணத்தில் 5 முதல் 10 சதவீதம் எதிர்பார்ப்பார்கள்; முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இடையில் வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடி. அதனால்தான் அவை வான்கூவரிலிருந்து கிளம்புகின்றன, அல்லது சியாட்டிலிலிருந்து கிளம்பி கனடாவின் விக்டோரியாவைத் தொடுகின்றன. நீங்கள் விக்டோரியாவில் இறங்காமல் இருந்தாலும் கனடா விசா கேட்பார்கள். அமெரிக்க விசா பலமுறை நுழைவதாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கும் இந்தியருக்கும் கனடா விசா தேவை. க்ரீன் கார்டுக்காரருக்கு விலக்கு உண்டு. அமெரிக்கக் கொடியில் ஜூனோவில் தொடங்கி ஜூனோவிலோ சிட்காவிலோ முடியும் சிறிய கப்பலுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சியாட்டிலிலிருந்து உள்நாட்டு விமானம் போதும். பெல்லிங்ஹாமில் ஏறும் ஃபெர்ரியும் அப்படியே.

யாருக்கு எது

ஆறு வயதுக் குழந்தையும் எழுபத்தைந்து வயதுப் பாட்டியும் சேர்ந்து போகும் குடும்பம் பெரிய கப்பலை எடுக்கலாம்; க்ளேசியர் பே நாள் உள்ள பயணமாகப் பார்த்து, ஜூனோவில் ஒரு சிறிய திமிங்கலப் படகுக்கு மட்டும் கூடுதலாகச் செலவு செய்தால் போதும். நடக்கவும் நனையவும் தயங்காத இருவர், வாழ்நாளில் ஒருமுறைதான் இங்கே வருவோம் என்றால், மே கடைசி அல்லது ஜூனில் 40 முதல் 80 பேர் போகும் சிறிய கப்பலை எடுக்கட்டும். பத்துப் பன்னிரண்டு நாள் கையில் இருப்பவர், திட்டம் குலைந்தால் பதறாதவர், ஃபெர்ரியில் ஜூனோ, ஹூனா, கஸ்டேவஸ், சிட்கா என்று போய்ப் பகல் படகில் மார்ஜரியைப் பார்க்கட்டும். சிறிய கப்பலின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடியும்.

எதில் போனாலும் பருத்தி உடையும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளி உள்ளாடை, ஃப்ளீஸ், அதன்மேல் மழைச் சட்டையும் மழைக் கால்சட்டையும். கோடையிலும் பனியாற்றின் முன்னால் 5 டிகிரி அளவில் காற்றடிக்கும். 8×42 பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. இருவருக்கு ஒன்று என்றால் திமிங்கலம் தெரியும் நேரத்தில் அது எப்போதும் மற்றவர் கையில் இருக்கும்.

சிறிய கப்பலில் எஞ்சின் பழுதானால் மாற்றுக் கப்பல் கிடையாது, பயணமே ரத்தாகும். பயணக் கட்டணம் திரும்பக் கிடைக்கலாம், விமானக் கட்டணம் கிடைக்காது. விமான டிக்கெட்டையும் சேர்த்து ஈடுகட்டும் காப்பீடாக எடுங்கள். ஜூனோ விமான நிலையம் மலைகளுக்கு நடுவே, கால்வாயின் ஓரத்தில் இருக்கிறது. மேகம் தாழ்ந்தால் விமானம் இறங்காமல் சிட்காவுக்கோ ஆங்கரேஜுக்கோ போய்விடும்; அடுத்த விமானத்தில் இடம் கிடைக்க ஒரு நாள் ஆகலாம். கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தின நாளாவது ஜூனோவில் இருங்கள். திரும்பி வரும்போது சியாட்டிலில் பன்னாட்டு விமானத்தை அன்றைக்கே பிடிக்கும்படி டிக்கெட் போடாதீர்கள்.